வெளிநாட்டுக் காசு என்கிறார் பெரியப்பா, போர்டை எடுத்துவிடலாமா?

கேள்வி: நான் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். குடும்ப வன்முறைச் சட்டம், பெண்களுக்குச் சொத்துரிமை இதைப் பற்றியெல்லாம் ஊர் ஊராகக் கூட்டம் போடுவது என் வேலை. நிதி ஐரோப்பாவிலிருந்து வருகிறது, போர்டிலும் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. என் பெரியப்பா முன்பு வார்டு உறுப்பினர். போன முறை வார்டு பெண்களுக்குப் போனதால் பெரியம்மா பெயரில் நின்று அவரேதான் எல்லாம் பார்த்தார். அவர் டீக்கடையில் உட்கார்ந்து, "வெள்ளைக்காரன் காசை வாங்கிக்கிட்டு நம்ம வீட்டுப் பொம்பளைங்களைக் கெடுக்குறாளுவ" என்று என்னைப் பற்றியே பேசுகிறார். அம்மா வேலையை விடச் சொல்லி அழுகிறார். கூட்டத்துக்கு வரும் பெண்களும் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களும், "இதெல்லாம் இருக்கட்டும் பாப்பா, லோன்காரன் வந்து வாசல்ல உக்காந்துக்குறான், அதுக்கு ஒரு வழி சொல்லு" என்கிறார்கள். போர்டிலிருந்து வெளிநாட்டுப் பெயரை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? பெரியப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

போர்டைத் தொடாதீர்கள். நேற்றுவரை இருந்த பெயர் இன்றைக்குக் காணோம் என்றால் டீக்கடையில் அது ஒரு வாரத்துக்குப் பேச்சு. பெரியப்பா சொன்னது உண்மை, அதனால்தான் அழித்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். அதோடு, இதை மறைக்கவும் முடியாது. வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பு ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை மத்திய உள்துறை அமைச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், பொதுமக்கள் பார்க்கிற மாதிரி இணையத்திலும் போட வேண்டும். செல்போன் வைத்திருக்கிற எந்தப் பையனும் தேடி எடுத்துவிடுவான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் வந்தது 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில். இப்போது நடைமுறையில் இருப்பது 2010-ம் ஆண்டுச் சட்டம், அதையும் 2020-ல் நன்றாக இறுக்கிவிட்டார்கள். பணம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் முதலில் புது டெல்லியில் இருக்கிற ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 வரை விட்டிருந்தார்கள். ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. அதனால் சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் வாங்கி, அதில் கொஞ்சத்தை இங்கே அனுப்புகிற பழைய ஏற்பாடு செல்லாது, உங்கள் அமைப்பே நேரடியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகச் சூட்கேஸில் வந்து இறங்குகிற பணம் என்று பெரியப்பா நினைத்தால் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் சொன்னதும் சமாதானமாகிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு உறுத்துவது வங்கிக் கணக்கு இல்லை.

டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் காசே ஆகாது என்று யார் சொல்ல முடியும்? திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் பெட்டி கட்டி நிற்பவர்களைப் போய்ப் பாருங்கள், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முகங்கள்தான். கூரை வீடு மாடி வீடானதும், தங்கச்சி கல்யாணம் நடந்ததும், வயலில் போர் போட்டதும் அந்தக் காசில்தான். இதை நீங்கள் சொன்னால் பெரியப்பா என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும்: "அது நம்ம புள்ள வேர்வை சிந்தினது, இது எவனோ குடுக்கிறது." அதில் நியாயம் இருக்கிறது. மகன் அனுப்புகிற காசுக்குப் பின்னால் அறிக்கை கேட்டு யாரும் வருவதில்லை. எவனோ கொடுக்கிற காசுக்கு ஒரு நோக்கம் இருக்கும், அதை நாம் கேட்கத்தான் வேண்டும்.

சரி, எவனோ கொடுத்த காசையே எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்து காசு வரவில்லை? ஃபைபர் படகு வந்தது, வலை வந்தது, வீடு வந்தது. எந்த நாட்டுக்காரன், எந்த மதத்துக்காரன் என்று படகை வாங்கும்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மறுகட்டுமானத்தில் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிப் பணமும் இருந்தது. புது வீட்டைக் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் பதிய வேண்டும் என்று தமிழக அரசு விதி வைத்ததே, அங்கேதான் முணுமுணுப்பு. அதே நேரத்தில், கூடையும் அலுமினியப் பாத்திரமும் கடலோடு போன மீன்கார அம்மாக்களின் இழப்பு ஆரம்பக் கணக்குகளில் சரியாக ஏறவே இல்லை, ஏனென்றால் கணக்குக் கொடுத்த மீனவப் பஞ்சாயத்தில் ஒரு பெண் கூடக் கிடையாது. வெளிநாட்டுக்காரர்களும் பல பேர் அந்தப் பஞ்சாயத்தோடு பேசிவிட்டுப் படகைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெளிநாட்டுக் காசு என்றாலே பெண்கள் பக்கம் நிற்கும் என்று நீங்களும் நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று கேளுங்கள். மகளிர் சுயஉதவிக் குழு. இன்றைக்கு அது நம் ஊர்ச் சமாச்சாரம், கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் சொந்தம் கொண்டாடுகிறார்கள். தமிழ்நாட்டில் அது 1989-ல் தருமபுரியில் தொடங்கியபோது, ரோமில் தலைமையகம் உள்ள ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடுதான் தொடங்கியது. பிறகு 1997 வாக்கில் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் பரவியது. குழுக் கூட்டத்துக்குப் போகாதே என்று உங்கள் பெரியப்பா பெரியம்மாவைத் தடுத்திருக்க மாட்டார், கடன் வருகிறதல்லவா. காசு வீட்டுக்குள் வருகிறவரை அது எங்கிருந்து வந்தது என்பது கேள்வி இல்லை. கூலி யார் நிர்ணயிப்பது, பத்திரத்தில் யார் பெயர், அடித்தால் யாரிடம் சொல்வது என்று பேச்சு திரும்பினால்தான் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்.

நான் கோர்ட்டில் பார்ப்பதும் இதுதான். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்ட பெண் கூண்டில் ஏறினால், எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றி வளைத்து ஒரு இடத்துக்கு வருவார்: "உங்களை யாரம்மா தூண்டிவிட்டது?" அந்தப் பெண்ணுக்கும் வெளிநாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது, தொண்டு நிறுவனத்தைப் பார்த்திருக்கவே மாட்டாள். அப்போது தூண்டிவிட்டது அம்மா வீடு, அல்லது அண்ணி, அல்லது பள்ளிக்கூட டீச்சர், அல்லது டிவி சீரியல், இப்போதெல்லாம் செல்போன். அடி வாங்கியவளுக்குத் தானாக வலிக்கும், தானாக வழி தேடுவாள் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் ஊரில் போர்டில் ஒரு ஐரோப்பியப் பெயர் இருப்பதால் தூண்டிவிட்டவர் யார் என்று தேடுகிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

ஆனால் வெளிநாட்டுக்காரர் பெண்களைப் பற்றிக் கவலைப்பட வந்தால் சந்தேகப்படுவது வெறும் ஆணாதிக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் பாட்டி வயதுப் பெண்களிடம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முகாம்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டம் நம் அரசாங்கத்துடையதுதான், ஆனால் ஏழை நாடுகளில் மக்கள்தொகையைக் குறைக்க வெளியிலிருந்து பணமும் அழுத்தமும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தன. தாய் நலம் என்று பெயர், நடந்தது என்னவோ மாதத்துக்கு இத்தனை ஆபரேஷன் என்ற இலக்கு. அந்த இலக்கு முறையை இந்திய அரசு கைவிட்டது 1996-ல்தான். அதில் எண்ணிக்கையாகப் போனவள் பெண். ஆப்கானிஸ்தான் போர் வேறு. 2001-ல் அமெரிக்கர்கள் பெண்களை விடுவிக்கப் போகிறோம் என்றும் காரணம் சொன்னார்கள், 2021-ல் கிளம்பிப் போனார்கள், இன்றைக்கு அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. டீக்கடையில் இதையெல்லாம் யாராவது எடுத்துவிட்டால் மறுக்க வேண்டாம், உண்மைதான் என்று சொல்லிவிடுங்கள்.

கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பு நம் பெண்கள் இதே சிக்கலில் மாட்டினார்கள். 1927-ல் கேத்தரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண், இந்தியாவில் குழந்தைத் திருமணம், பிரசவம், விதவைகள் நிலை எல்லாவற்றையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எழுதிய நோக்கம், இப்படிப்பட்டவர்களுக்குச் சுயராஜ்யம் எதற்கு என்பது. நாடே கொதித்தது. சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றார் காந்தி. இங்கிருந்த வைதீகர்களுக்கு நல்ல வசதி, குழந்தைத் திருமணத்தை எதிர்த்துப் பேசுகிற யாரையும் மேயோவின் ஆள் என்று சொல்லிவிடலாம். அப்போது இந்தியப் பெண்கள் அமைப்புகள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் பிடிக்கிறது. மேயோவைக் கண்டித்தார்கள், எங்களைக் கேவலப்படுத்த நீ யார் என்று கேட்டார்கள், கூடவே குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தையும் விடாமல் கேட்டார்கள். 1929-ல் சாரதா சட்டம் வந்தது, பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14. அவர்கள் மேயோவுக்குப் பயந்து கோரிக்கையை மறைக்கவும் இல்லை, கோரிக்கைக்காக மேயோவைத் தூக்கிப் பிடிக்கவும் இல்லை. இதில் ஒரு சுவாரசியம், சென்னை அடையாறில் 1917-ல் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் மார்கரெட் கசின்ஸ், ஐரிஷ்காரர். அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள், மேயோவைத் திட்டினார்கள். இரண்டு பேருமே வெளிநாட்டுக்காரர்கள்தான். ஒருவர் இங்கேயே தங்கி இங்குள்ள பெண்களோடு வேலை செய்தார், இன்னொருவர் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதினார். உங்களுக்கு நிதி தருகிறவர் இதில் எந்த ரகம் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரியப்பாவின் "நம்ம ஊர்ல இல்லாத பழக்கம்" என்ற வாதத்துக்கு நீங்கள் ஐ.நா. வரை போக வேண்டியதில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், 2022-ல் அதைத்தான் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். யார் அந்த அம்மா என்று கேளுங்கள். திருவாரூரில் பிறந்து மயிலாடுதுறை பக்கம் மூவலூரில் வளர்ந்தவர், பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசி வசவு வாங்கியவர். அவருக்கு எந்த ஐரோப்பா காசு கொடுத்தது? மணலூர் மணியம்மை அந்தக் காலத்திலேயே தலையைக் கிராப் வெட்டிக்கொண்டு வேட்டி சட்டையோடு பண்ணையாட்களுக்காக அலைந்தவர். பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929-ல், அது தமிழ்நாட்டில் சட்டமானது 1989-ல், நாடு முழுக்க வந்தது 2005-ல். நாம் பேசி 60 வருஷம் கழித்துச் சட்டமாக்கியதை யாரோ இறக்குமதி செய்த மாதிரி பேசினால் எப்படி?

ஐ.நா. பக்கம் போனாலும் அங்கேயும் நம் ஆள் இருக்கிறார், அது வேறு விஷயம். 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் எல்லா ஆண்களும் என்று பொருள்படும்படி இருந்ததை எல்லா மனிதர்களும் என்று மாற்ற வைத்தவர் ஹன்சா மேத்தா, இந்தியப் பிரதிநிதி. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-ல் ஏற்றது, அதைக் கையில் வைத்துத்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம் வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா தீர்ப்பைக் கொடுத்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், பெரியப்பாவிடம் போய் ஒப்பிக்க வேண்டாம்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன், கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன். நிதி தருகிற நிறுவனங்கள் நவம்பர் 25-லிருந்து டிசம்பர் 10 வரை பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக 16 நாள் பிரசாரம் நடத்தச் சொல்வார்கள், உங்களுக்கும் வந்திருக்கும். நவம்பர் 25 என்பது டொமினிக்கன் குடியரசில் 1960-ல் கொல்லப்பட்ட மூன்று சகோதரிகளின் நினைவு நாள். நல்ல நாள்தான். ஆனால் அந்தப் பதினாறு நாளும் இங்கே வடகிழக்குப் பருவமழை, சம்பாவில் களை, வயலில் தண்ணீர் வடியவில்லை என்ற கவலை, கடலோரத்தில் எந்தப் புயல் வரும் என்ற பயம் (கஜா வந்தது நவம்பர் 16). அந்த நேரத்தில் ஆரஞ்சு டீஷர்ட் போட்டுக்கொண்டு பேனர் பிடித்து போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் வரும் பெண்கள் உங்கள் முகத்துக்காக வருவார்கள். பார்க்கிற ஊர் என்ன நினைக்கும்? போட்டோ வெள்ளைக்காரனுக்கு அனுப்பத்தான் என்று நினைக்கும். அந்த நினைப்பு தப்பு என்று உங்களால் சத்தியம் பண்ண முடியுமா? பிரசாரத்தை அறுவடை முடிந்த பிறகு மாசி, பங்குனியில் வைக்கிறோம் என்று நிதி தருகிறவருக்கு எழுதிக் கேளுங்கள். ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பெரியப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் உங்களுக்கே கிடைத்துவிட்டது.

அதைவிட முக்கியமானது, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த லோன்காரன். பெண்களே வாய் விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான், அதைத் தலைப்புக்கு வெளியே உள்ள விஷயமாக நினைத்துவிட்டீர்கள். அடுத்த கூட்டம் அதற்காகவே இருக்கட்டும். ரிசர்வ் வங்கியின் மைக்ரோ ஃபைனான்ஸ் (சிறுகடன்) விதிகளை அச்சடித்துக் கொண்டு போங்கள். வருஷத்துக்கு 3 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தருகிற கடனுக்கு அது பொருந்தும். வீட்டில் உள்ள எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுகிற மாதிரி கடன் கொடுக்கக் கூடாது. வசூலை இரண்டு பக்கமும் பேசி வைத்த பொது இடத்தில்தான் வாங்க வேண்டும். அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை என்றால்தான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னும் போன் போடக் கூடாது, மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் தமிழக அரசும் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. இப்படிக் கடன் கொடுக்கிற நிறுவனங்கள் சிலவற்றில் வெளிநாட்டு முதலீடு உண்டு. அதைப் பற்றி டீக்கடையில் பேச்சு வருகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

கடனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மற்றதும் தானாக வரும். கடன் யார் பெயரில் வாங்கினது, பணம் யார் கைக்குப் போனது, டாஸ்மாக்குக்கு எவ்வளவு, தவணை கட்ட முடியாத அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது. அப்போது ஒரு பெண் தானே அடியைப் பற்றிச் சொன்னால், அங்கே வைத்து சட்டத்தைச் சொல்லுங்கள்: வீடு யார் பெயரில் இருந்தாலும் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது, மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் போன் போடலாம். சொன்னவள் பெயரும் முகமும் உங்கள் அறிக்கையில் வரக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள், நிதி தருகிறவர் கதை கேட்டு எவ்வளவு நச்சரித்தாலும்.

பெரியப்பாவிடம் டீக்கடையில் வாதம் பண்ணாதீர்கள். நாலு பேர் முன்னால் தம்பி மகளிடம் தோற்பதாகப் பட்டால் அவர் இறங்கி வரவே மாட்டார். வீட்டுக்குப் போங்கள், பெரியம்மா இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். கணக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு போய், இவ்வளவு வந்தது, என் சம்பளம் இவ்வளவு, கூட்டச் செலவு இவ்வளவு என்று காட்டுங்கள். ஊர்ப் பெண்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை இதை வாசித்துக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது, நிதி தருகிறவருக்கு மட்டும் கணக்குச் சொல்கிற அமைப்பை ஊர் நம்பவில்லை என்று கோபப்பட முடியாது. அப்புறம் லோன் கூட்டத்துக்கு அவரையே கூப்பிடுங்கள், பழைய வார்டு உறுப்பினர், வசூல் ஆளிடம் பேச அவர் குரல் உதவும். சொத்துப் பேச்சு வரும்போது அவர் மறுபடி முறுக்கிக்கொள்வார், அவருக்கும் தங்கைகள் இருப்பார்கள், பாகம் பிரிக்காத நிலம் இருக்கும். அப்போது அது வெளிநாட்டுப் பிரச்சினை இல்லை, உங்கள் குடும்பப் பிரச்சினை, அதற்கு வேறு கடிதம் எழுதுங்கள்.

அம்மா அழுவது ஊர்ப் பேச்சுக்குப் பயந்து. ஒரு நாள் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார வையுங்கள், நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று அவர் இதுவரை கேட்டிருக்க மாட்டார்.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தால் ஒன்று மட்டும் கவனம். வேட்பாளர் வெளிநாட்டு நிதி வாங்கக் கூடாது, உங்கள் அமைப்பும் யாருக்காகவும் ஓட்டுக் கேட்கிற மாதிரி ஒரு நோட்டீஸ் கூடப் போடக் கூடாது, உங்கள் கூட்டத்துக்கு வருகிற பெண்ணே வேட்பாளராக நின்றாலும் சரி. பதிவுச் சான்றையும் அலுவலகத்தில் வாங்கி ஒரு முறை பாருங்கள். அது ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், முடிவதற்குப் பல மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும், தேதி தவறினால் டெல்லிக் கணக்கில் உள்ள பணத்தைத் தொட முடியாமல் உங்கள் சம்பளமும் நின்றுவிடும்.